டாசனா, பிராக்கனா?

இங்கிலாந்து ரக்பி அணியின் 9ஆம் நம்பர் சட்டையை மேட் டாசனுக்குக் கொடுத்தது சரியா, கைரன் பிராக்கனுக்குக் கொடுத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்காக நம் திருச்சியில் யாரும் தூக்கத்தைத் தொலைத்ததாகத் தெரியவில்லை. நானும் அறுபது வயது வரைக்கும் அந்தக் கவலை இல்லாமல்தான் இருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து 2001ல் ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கென்று இங்கிலாந்தில் நார்தாம்டன் ஊருக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் இந்த வியாதி ஒட்டிக்கொண்டது. அது ஷூ தைத்துப் பேர் வாங்கிய ஊர். கிரிக்கெட்டும் உண்டு, கால்பந்தும் உண்டு. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் ஜனங்கள் கறுப்பும் பச்சையும் தங்க நிறமுமாக மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போவது ஃபிராங்க்ளின்ஸ் கார்டன்ஸ் என்ற ரக்பி மைதானத்துக்கு. டாசன் அந்த ஊர் கிளப்பில் வளர்ந்தவர். ஆகையால் மேற்படி கேள்விக்கு அங்கே ஒரே ஒரு விடைக்குத்தான் அனுமதி.

என் கட்சியும் டாசன்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். பிராக்கனைச் சிறுமைப்படுத்தாமல் அதைச் சொல்ல முடியுமா என்பதுதான் எனக்குச் சோதனை.

ரக்பி பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு 15 பேர். அதில் 8 பேர் ஃபார்வர்ட்கள், நெல் மூட்டைக்குக் கைகால் முளைத்த மாதிரி ஆட்கள். தலையைக் குனிந்து, தோளோடு தோள் சேர்த்து, எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டித் தள்ளிப் பந்தைத் தங்கள் பக்கம் கொண்டுவருவது அவர்கள் வேலை. மற்ற 7 பேர் பந்தைக் கையில் வாங்கி ஓடுகிறவர்கள். பந்தைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது, பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்க வேண்டும். இந்த முட்டுகிற கூட்டத்துக்கும் ஓடுகிற கூட்டத்துக்கும் நடுவே ஓர் ஆள் நிற்பார். அநேகமாக அணியிலேயே குள்ளமானவர் அவர்தான். அவர்தான் 9ஆம் நம்பர், ஸ்க்ரம்-ஹாஃப்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டை அடுப்பில் தவசிப்பிள்ளைகள் வியர்க்க விறுவிறுக்கச் சமைக்கிறார்கள். கூடத்தில் பந்தி உட்கார்ந்திருக்கிறது. நடுவில், சமையற்கட்டு வாசலில் ஒருத்தர் நிற்பாரே, “முதல் வரிசைக்கு ரசம் போகட்டும், அப்பளத்தை இப்போ எடுக்காதே, சம்பந்தி வீட்டார் இலையில் சாதம் இல்லை பார்” என்று ஓயாமல் கத்திக்கொண்டு? அவர் கரண்டி பிடிக்கவும் மாட்டார், சாப்பிடவும் மாட்டார். ஆனால் அவர் ஐந்து நிமிஷம் கண்ணயர்ந்தால் கல்யாணத்தின் பேர் கெட்டுவிடும். ஸ்க்ரம்-ஹாஃப் அந்த ஆசாமி. குவியலுக்கு அடியிலிருந்து பந்து எட்டிப் பார்த்ததும், கொடுப்பதா, உதைப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். ஓர் ஆட்டத்தில் எத்தனையோ தடவை.

அணியில் அந்த இடம் ஒன்றே ஒன்றுதான். நல்ல பேட்ஸ்மேன் இரண்டு பேர் இருந்தால் இருவரையும் ஆட விடலாம். விக்கெட் கீப்பர் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். 1979ல் கிர்மானியை விட்டுவிட்டு நம் பரத் ரெட்டியை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனபோது பொன்மலை டீக்கடையில் நடந்த சண்டை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ரெட்டி நாலு டெஸ்ட் ஆடினார், கிர்மானி திரும்பி வந்தார், அதோடு சரி. டாசன், பிராக்கன் விவகாரம் அப்படி ஒரு பருவத்தில் தீரவில்லை. ஏறக்குறைய எட்டு வருஷம் நடந்தது.

வயதில் ஒரு வருஷம் மூத்தவர் பிராக்கன். டப்ளினில் பிறந்தவர். 1993 நவம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக ட்விக்கனம் மைதானத்தில் முதல் ஆட்டம், அப்போது அவருக்கு 22 வயது. ஆட்டம் தொடங்கிச் சூடு பிடிப்பதற்குள் ஜேமி ஜோசஃப் என்ற நியூசிலாந்து ஃபார்வர்ட் ஆணி வைத்த பூட்ஸ் காலால் அவர் கணுக்காலை மிதித்துவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் ஸ்ட்ரெச்சர் கேட்டிருப்பார்கள். பிராக்கன் அந்தக் காலோடு ஆடினார். இங்கிலாந்து 15-9 என்று ஜெயித்தது. பிறகு மாதக்கணக்கில் அவரால் ஆட முடியவில்லை. அந்த மனிதரைப் பற்றி எது பேசினாலும் இந்த ஆட்டத்திலிருந்துதான் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதல் நாள் வேலையிலேயே இப்படி ஒரு பரீட்சை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

டாசன் 1995 கடைசியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக வந்தார். வந்த வேகத்தில் நிலைத்துவிடவில்லை. 1997ல் ஆண்டி கோமர்சால், ஆஸ்டின் ஹீலி, பிராக்கன் என்று அந்த ஒரு சட்டைக்கு நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த வருஷம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாலும் சேர்ந்த ‘லயன்ஸ்’ அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதில் முதல் ஸ்க்ரம்-ஹாஃப் வேல்ஸின் ராப் ஹவ்லி, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதல் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பு நடந்த ஆட்டத்தில் ஹவ்லிக்குத் தோளில் அடிபட்டு ஊர் திரும்பினார். டாசனுக்கு இடம் கிடைத்தது. ஹவ்லிக்குப் பதிலாக விமானம் ஏறி வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? பிராக்கன்! ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் ஒரே ஹோட்டலில், ஒரே பஸ்ஸில்.

ஜூன் 21, கேப் டவுன். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம்கூட இல்லை, தென்னாப்பிரிக்கா 16-15 என்று முன்னால் இருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு ஸ்க்ரம். டாசன் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாகவே ஓடினார். எதிரில் ஆட்கள் நெருங்கியதும் பந்தை ஒரு கையில் தலைக்கு மேலே உயர்த்தி, உள்பக்கம் வருகிற தன் ஆளுக்கு எறிவதுபோலப் பாவனை செய்தார். தென்னாப்பிரிக்க வீரர்கள் அத்தனை பேரும், சர்க்கஸ் பார்க்கிற குழந்தைகள் மாதிரி, போகாத பந்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் டாசன் மூலையில் பந்தை வைத்துவிட்டார். லயன்ஸ் 25-16 என்று ஜெயித்து, பிறகு தொடரையும் கைப்பற்றியது.

நார்தாம்டனில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர், ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டி ஓய்வு பெற்ற கிழவர், இந்த ஒன்றை வைத்துத்தான் வழக்கை முடித்துவிடுவார். தேநீர்க் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி அந்த டம்மியைச் செய்து காட்டுவார். தேநீர் சிந்தும். அவர் மனைவி உள்ளேயிருந்து திட்டுவார். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதை நான் சாட்சியாக ஏற்பதில்லை. அது ஒரு வித்தை. வித்தை ஒரு தடவை பலிக்கும். நாளெல்லாம் நடக்கும் உத்தியோகத்துக்கு அதை வைத்து மார்க் போட முடியாது.

உத்தியோகம் என்று பார்த்தால், என் கண்ணுக்குப் பிராக்கன் கைதான் சுத்தம். தரையிலிருந்து எடுக்கிற பந்தைப் பின்னுக்கு இழுத்து ஓங்காமல் அப்படியே வீசுவார். வாங்குகிறவர் நின்று வாங்க வேண்டியதில்லை, ஓடுகிற ஓட்டத்தில் மடியில் வந்து விழும். விழுப்புரம், தஞ்சாவூர் ஒற்றை லைனில் வேலை பார்த்த எனக்கு இதன் அருமை தெரியும். நிற்காமல் போகிற மெயிலுக்கு டோக்கன் கொடுப்பது என்றால் பிரம்பு வளையத்தில் தோல் பையைக் கட்டி, பைக்குள் இரும்புக் குண்டு, எங்கள் பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். டிரைவர் கை வளையத்துக்குள் தானாகப் புகுந்து போகும்படி பிடிக்க வேண்டும். அரை அடி தவறினால் வண்டி நிற்க வேண்டும், கண்ட்ரோலிலிருந்து ஃபோன் வரும். அப்படி அலுங்காமல் கொடுக்கிற கை பிராக்கனுடையது. உடம்பும் கெட்டி. ஃபார்வர்ட்கள் மேலே வந்து விழுந்தாலும் தாங்குவார்.

டாசனின் பாஸ் அவ்வளவு அழகு இல்லை. நல்ல பாஸ்தான், குறை சொல்வதற்கில்லை, ஆனால் நினைவில் நிற்காது. அவரிடம் இருந்தது வாய்.

சிரிக்காதீர்கள். ஸ்க்ரம்-ஹாஃபுக்கு வாய் ஓர் ஆயுதம். தன்னைவிட ஒரு பங்கு பெரிய எட்டு ஆட்களை, முதுகுக்குப் பின்னால் நின்று, “இடது பக்கம், இன்னும் ஒரு தள்ளு, பந்தை விடாதே, இப்போ விடு” என்று மேய்க்க வேண்டும். அவர்கள் தலை குனிந்து கிடக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. இவர் கண்தான் அவர்களுக்குக் கண். கூச்சப்படுகிறவன், பெரியவர்களை அதட்ட யோசிக்கிறவன் இந்த வேலைக்கு ஆக மாட்டான். டாசன் யாரையும் அதட்டுவார். நடுவரோடும் பேசுவார், எதிரணியோடும் பேசுவார், பேசக் கூடாத இடத்திலும் பேசுவார். 2001ல் லயன்ஸோடு ஆஸ்திரேலியா போயிருந்தபோது, பயிற்சி முறையையும் நிர்வாகத்தையும் கிழித்துப் பத்திரிகையில் நாட்குறிப்பு எழுதினார். முதல் டெஸ்ட் நடந்த அன்றைக்கே அது வெளிவந்தது. அபராதம் கட்டினார். அடுத்த சில நாளில் பிரம்பீஸ் அணிக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி உதையில் வெற்றிப் புள்ளியை எடுத்தவரும் அவரே, 30-28. திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா என்று தெரியாமல் நிர்வாகம் விழித்திருக்கும். அதே கோடையில் பிராக்கன் என்ன செய்தார்? மூத்தவர்கள் எல்லாரும் லயன்ஸோடு போய்விட, மீதி இருந்த இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் தலைவராகக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்தார். பத்திரிகையில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அவர் வழி அப்படி.

டாசனின் வாய் எப்போதும் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000ல் மார்ட்டின் ஜான்சன் காயத்தில் இருந்ததால் டாசன்தான் தலைவர். எல்லா ஆட்டமும் ஜெயித்து, கடைசியாக ஸ்காட்லாந்தை எடின்பரோவில் சந்தித்தார்கள். அந்த ஆட்டத்துக்குக் ‘கல்கத்தா கோப்பை’ என்று பேர். நம்ம கல்கத்தாதான். அங்கே இருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப் 1870களில் மூடப்பட்டபோது, பேங்கில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடியும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1879லிருந்து இரண்டு தேசமும் அதற்காக முட்டிக்கொள்கின்றன. நம் நாட்டு ரூபாய்க்கு எங்கெல்லாம் யோகம் பாருங்கள்! அன்றைக்கு மழை கொட்டியது. ஸ்காட்லாந்து 19-13 என்று ஜெயித்தது. அந்த 19 புள்ளியையும் டங்கன் ஹாட்ஜ் என்ற ஒரே மனிதர் எடுத்தார். சேற்றில் ஆட்டத்தை மாற்றி ஆட டாசனுக்கு அன்று வழி தோன்றவில்லை. பிராக்கன் கட்சிக்காரர்கள் என் மருமகனின் ஆபீஸில் இரண்டு பேர் உண்டு, லண்டன் பக்கத்து சாரசன்ஸ் கிளப் ஆட்கள். அவர்கள் எடுத்து வைக்கும் முதல் ஆவணம் இதுதான்.

அவர்களுடைய இரண்டாவது ஆவணம் இன்னும் பலமானது. 2003ஆம் வருஷம். மார்ச் மாதம் டப்ளினில் அயர்லாந்தை 42-6 என்று மிதித்து இங்கிலாந்து எல்லா ஆட்டமும் வென்ற கோப்பையை எடுத்தபோது 9ஆம் நம்பர் டாசன். ஜூனில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பயணத்தில் 9ஆம் நம்பர் பிராக்கன். வெலிங்டனில் 15-13. நியூசிலாந்து மண்ணில் 1973க்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கிடைத்த வெற்றி. அந்த ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் இரண்டு ஃபார்வர்ட்கள் வெளியேற்றப்பட்டு 13 பேரோடு ஆடினார்கள். கோட்டுக்கு மேலேயே ஸ்க்ரம், தள்ளுவதற்கு ஆறு பேர்தான், அவர்களுக்குப் பின்னால் பிராக்கன். கோட்டை விடவில்லை. அடுத்த வாரம் மெல்போர்னில் 25-14. ஆஸ்திரேலியாவை அதன் மண்ணில் இங்கிலாந்து தோற்கடித்தது அதுதான் முதல் தடவை. அக்டோபரில் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவைப் பெர்த் நகரில் சந்தித்தபோது டாசனுக்குத் தொடையில் காயம், மறுபடியும் பிராக்கன். 25-6. அந்த ஆட்டத்தில் தோற்கிறவர் காலிறுதியில் நியூசிலாந்தைச் சந்திக்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்கா போய்ச் சந்தித்தது, மூட்டை கட்டியது. ஆக, இங்கிலாந்து கோப்பைக்குப் போன பாதையில் இருந்த மூன்று பெரிய பாலங்களைத் தாண்டியபோது சட்டை பிராக்கன் முதுகில். இதை யாராலும் மறுக்க முடியாது.

இருந்தும் காலிறுதி, அரையிறுதி, இறுதி ஆட்டம் மூன்றையும் டாசனை வைத்துத் தொடங்கினார் பயிற்சியாளர் கிளைவ் உட்வர்ட். நன்றி கெட்ட முடிவு என்று சாரசன்ஸ்காரர்கள் சொல்வார்கள். சரியான முடிவு என்று நான் சொல்கிறேன். அதற்குச் சாட்சியாக நான் காட்டுவது இறுதி ஆட்டத்தின் கடைசி ஒன்றரை நிமிஷம். டம்மி வித்தை போல அது ஒருவர் சாமர்த்தியம் இல்லை. அதனால்தான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

நவம்பர் 22, சனிக்கிழமை. சிட்னியில் ராத்திரி, நார்தாம்டனில் காலை ஒன்பது மணி. 80 நிமிஷம் ஆடி 14-14. கூடுதல் நேரம் 20 நிமிஷத்தில் கடைசி நிமிஷங்கள், 17-17. இங்கிலாந்தின் லைன்-அவுட். அதாவது பந்தை ஓரக்கோட்டிலிருந்து உள்ளே எறிகிறார்கள். வரிசையின் கடைசியில் லூயிஸ் மூடி தாவிப் பிடித்தார். டாசன் மைக் காட்டுக்குக் கொடுத்தார். காட் நடுவில் மோதி விழுந்தார். திட்டம் என்னவென்றால் இப்படி இரண்டு மூன்று மோதல், பிறகு ஜானி வில்கின்சன் காலால் டிராப் கோல். திட்டம் ஆஸ்திரேலியர்களுக்கும் தெரியும், உலகத்துக்கே தெரியும், சோபாவில் உட்கார்ந்திருந்த எங்கள் சம்பந்தியம்மாளுக்கே தெரியும். வில்கின்சன் தயாராகப் பின்னால் நிற்கிறார். அவரை மறிக்க ஆஸ்திரேலியர்கள் கண்ணை அவர் மேலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் தூரம் அதிகம். அதே ஆட்டத்தில் அவர் முயன்ற டிராப் கோல்கள் ஏற்கெனவே தவறியிருந்தன.

அந்த நேரத்தில் டாசன் குனிந்து பந்தை எடுத்தார். எல்லாரும் வில்கின்சனைப் பார்க்கிறார்களே தவிர, குவியலின் காலடியில் ஒரு சந்து திறந்திருப்பதை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் புகுந்தார். சுமார் 15 மீட்டர் போய், பிடிபட்டு, கீழே விழுந்து, மேலே ஆட்கள் விழுந்தார்கள். தூரம் குறைந்துவிட்டது. ஆனால் இப்போது பந்தை வில்கின்சனுக்குக் கொடுக்க வேண்டிய ஆள் குவியலுக்கு அடியில் கிடக்கிறார்! ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, வண்டி அவுட்டரில் நிற்கிறது.

அந்த இடத்தில் நீல் பேக் என்ற ஃபார்வர்ட் வந்து நின்றார். வேறு யாராவது பதற்றத்தில் அப்படியே வில்கின்சனுக்கு வீசியிருக்கலாம். அவர் பக்கத்திலிருந்த மார்ட்டின் ஜான்சனிடம் கொடுத்தார். ஜான்சன் ஓடிப் போய் ஒரு மோது மோதி விழுந்தார். எதற்கு? இரண்டு அடி முன்னேறவா? இல்லை. டாசன் எழுந்து வந்து தன் இடத்தில் நிற்க அவகாசம் வேண்டும், அதற்காக. டாசன் எழுந்து வந்தார். பந்தை எடுத்து வில்கின்சனுக்கு வீசினார். வில்கின்சன் இடது காலால் உதைக்கிறவர், வலது காலால் உதைத்தார். முடிய 26 விநாடி. 20-17.

என் வாதம் இதுதான். டாசன் சந்தில் புகுந்ததற்கு மட்டும் நான் ஓட்டுப் போடவில்லை. சந்து தெரிந்தால் பிராக்கனும் புகுந்திருப்பார், அவருக்கும் கண் உண்டு, உடம்பும் அதிகம் உண்டு. தான் அடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் புகுந்தாரே, அதற்குத்தான் ஓட்டு. ஜான்சனும் பேக்கும் பதறாமல் தனக்காக நேரம் வாங்கிக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒருவர் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார். அந்த நம்பிக்கை, வருஷக்கணக்காக அந்த எட்டுப் பேரை அதட்டியும் வம்பிழுத்தும் அவர்களிடம் வசவு வாங்கியும் உண்டானது. சுத்தமான கை தனியாகப் பழகிக் கற்றுக்கொள்ளக் கூடியது. பெரிய ஆட்களோடு வாய் கொடுத்து உறவு வைப்பது அப்படிக் கற்க முடியாது. இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் இரண்டாவதை எடுப்பேன்.

மருமகன் கேட்பார்: “மாமா, டாசன் ஓடினது அதிர்ஷ்டம்தானே? சந்து இல்லாட்டி?” சந்து இல்லாவிட்டால் ஓடியிருக்க மாட்டார். அன்று முழுக்க எத்தனையோ குவியல்களில் அவர் ஓடவில்லையே!

அந்த 100 நிமிஷமும் பிராக்கன் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் இருந்தார். காலிறுதியிலும் அரையிறுதியிலும் பின்பாதியில் இறக்கப்பட்டவர், இறுதியில் இறக்கப்படவில்லை. கூடுதல் நேரம் என்றபோதும் கூப்பிடவில்லை. இதைப் பற்றி எனக்குச் சொந்தமாகச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு. ரயில்வேயில் ‘லீவ் ரிசர்வ்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. நிரந்தர ஸ்டேஷன் கிடையாது. யாருக்கு லீவோ, யாருக்குக் காய்ச்சலோ, யார் வீட்டில் கல்யாணமோ, அங்கே போய்ப் பொறுப்பேற்க வேண்டும். ஆறு வருஷம் அந்த உத்தியோகம் பார்த்தேன். பெட்டியும் டிபன் கேரியரும் எப்போதும் தயார். நாலு நாள் ஒரு ஸ்டேஷனை நன்றாக நடத்திவிட்டு, ஐந்தாம் நாள் அதன் சொந்தக்காரர் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டி ஏற வேண்டும். ஜனங்கள் அவருக்குத்தான் வணக்கம் சொல்வார்கள். அது நியாயமும்கூட, அவர்தானே இருக்கப் போகிறவர். ஆனால் லீவ் ரிசர்வ் ஆள் சரியில்லை என்றால் அந்த செக்‌ஷனில் ஒருத்தனும் நிம்மதியாக லீவு எடுக்க முடியாது. பெர்த்தில் டாசன் தன் தொடைக் காயத்தை ஆற்றிக்கொள்ள முடிந்தது பிராக்கன் இருந்ததால்தான்.

எனவே, டாசனை முதலாவதாகவும் பிராக்கனை எங்கோ ஏழாவதாகவும் வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டாசன் இங்கிலாந்துக்காக 77 ஆட்டம், பிராக்கன் 51. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஏதோ ஒருவர் மற்றவரை ஒன்றரை மடங்கு மிஞ்சியவர் போலத் தோன்றும். அவருக்கு முதுகில் எவ்வளவு வலி, எத்தனை மாதம் காயத்தில் கிடந்தார் என்பதெல்லாம் எண்ணில் வராது. இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் என் கணக்கில் ஒரு நூல்தான். அந்த ஒரு நூலுக்காகத்தான் இத்தனை வார்த்தை.

ஓய்வுக்குப் பிறகும் இவர்கள் போட்டி விடவில்லை என்பது தமாஷ். 2006ல் டாசன் பிரபலங்களுக்கான சமையல் போட்டியில் ஜெயித்தார். அதே வருஷம் டிவியில் நடனப் போட்டிக்குப் போய் இறுதிச் சுற்றில் தோற்றார். யாரிடம்? கிரிக்கெட் ஆடிய மார்க் ராம்பிரகாஷிடம். 2007 தொடக்கத்தில் பிராக்கன் பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டிக்குப் போனார், ஜெயித்தே விட்டார். கணுக்காலை மிதித்து நசுக்கிய அதே மனிதரின் கால்! என் மகள் அதை முழுக்கப் பார்த்துவிட்டு, “அப்பா, இப்பவாவது பிராக்கனுக்கு ஓட்டு போடுங்களேன்” என்றாள். ஆட்டத்துக்கு ஓட்டுப் போடச் சொன்னால் அன்றைக்கும் போட்டிருப்பேன்.

இப்போது பேரன் அதே மைதானத்துக்குப் போகிறான். அவன் தலைமுறைக்கு நார்தாம்டனின் அலெக்ஸ் மிட்செல், பாத் கிளப்பின் பென் ஸ்பென்சர், லெஸ்டரின் ஜாக் வான் பூர்ட்விலீட் என்று மூன்று பேர் அதே சட்டைக்கு. 2023 உலகக் கோப்பைக்கு மிட்செலை முதலில் எடுக்கவே இல்லை. வான் பூர்ட்விலீட்டுக்குக் கணுக்காலில் அடிபட்டதால் கூப்பிட்டார்கள், வந்தவர் முதல் ஆட்டத்திலேயே தொடங்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்பென்சர் கதை வேறு மாதிரி. 2019ல் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அவசரமாக ஜப்பானுக்கு அழைக்கப்பட்டு, இறுதி ஆட்டத்தின் கடைசிச் சில நிமிஷம் ஆடினார். லீவ் ரிசர்வ் என்றால் இதுவல்லவா! பேரன் மிட்செல் கட்சி, சொல்ல வேண்டியதில்லை. ஸ்பென்சரின் உதைக்கும் கால் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அவர் தன் ஃபார்வர்ட்களை எப்படி மேய்க்கிறார் என்று இன்னும் நாலு ஆட்டம் பார்க்க வேண்டும். இங்கே நம் நேரத்துக்கு அந்த ஆட்டங்கள் பாதி ராத்திரியில் முடிகின்றன. டாக்டர் பத்து மணிக்குப் படுக்கச் சொல்லியிருக்கிறார், பேரனிடம் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.